இரண்டாம் இசைத்தொகுப்பு

ஒரு நூலாசிரியனுக்கு முதல் நூலைக் காட்டிலும் இரண்டாம் நூலே பெருஞ்சோதனை என்பர் அறிந்தோர். முதல் நூலை உலகம் வியப்போடு கையில் எடுக்கின்றது. இரண்டாம் நூலைத் தராசோடு எடுக்கின்றது. நூலுக்குச் சொன்ன இவ்விதி நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் சங்கீதத்துக்கும் அப்படியே பொருந்தும். முதற் கச்சேரியில் பெருங்கைதட்டல் பெற்ற வித்துவான் மறு ஆண்டு அதே சபையில் மேடையேறும்போது, அவர் வாய்திறக்கு முன்னரே சென்ற ஆண்டின் கச்சேரி இரசிகர் செவியில் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றது. அதனை வென்றாலன்றி அவர் அன்று வெல்ல முடியாது.

இத்திங்கள் நாம் எழுதப் புகும் பொருள் நம் இதழின் வழக்கத்துக்குச் சற்றுப் புறம்பானதாக அன்பர்களுக்குத் தோன்றலாம். டெல்லியைச் சேர்ந்த ‘பிளட்டிவுட்’ என்னும் இசைக்குழுவினர் 2025-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் வெளியிட்ட ‘நூ டெல்லி’ என்ற இரண்டாம் இசைத்தொகுப்பைப் பற்றியது இக்கட்டுரை. நம் சங்கத்து மூத்தோருள் பலர் இக்குழுவின் பெயரையும் கேள்வியுற்றிரார். ஆயினும் சித்தூரிலும் திருப்பதியிலும் நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பது இத்தகைய இசைக்குத்தான். அதென்ன சங்கீதம், இரும்புப் பட்டறையில் அகப்பட்டதுபோல் இருக்கின்றதே என்று தந்தையர் கடிந்துகொள்வதும், மைந்தர் கதவைச் சாத்திக்கொள்வதும் வீடுதோறும் நிகழ்கின்றன. கதவுக்கு அப்பால் என்ன ஒலிக்கின்றது, அதில் நல்லது எது, குறை எது என்று நிதானமாக ஆராய்வது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருங்கே பயன்படும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

இது என்ன இசை?

‘மெட்டல்’ என்பது மேனாட்டு ராக் இசையின் உக்கிரமான கிளை. மின்சாரக் கிதாரின் நாதத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, பெருமுரசை இரண்டு கால்களாலும் முழக்கி, உச்சக் குரலிலோ உறுமற் குரலிலோ பாடுவது அதன் மரபு. 1990-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இம்மரபிலிருந்து ஒரு புதுக்கிளை தோன்றிற்று. பேக்கர்ஸ்பீல்டு என்ற ஊரின் ‘கார்ன்’ குழுவினர் 1994-இல் வெளியிட்ட முதல் தொகுப்பை இதன் தொடக்கமாகச் சொல்வர். அவர்கள் ஆறு தந்திக் கிதாருக்கு மாறாக ஏழு தந்திக் கிதாரை எடுத்துக்கொண்டு, சுருதியையும் வழக்கத்துக்குக் கீழே இறக்கினார்கள். நீண்ட சரக்கு வண்டி இரும்புப் பாலத்தைக் கடக்கும்போது கால் நிற்கும் நிலமே அதிர்கின்றதல்லவா, அத்தகைய அடித்தொனி அதனாற் பிறந்தது. அதனோடு கறுப்பின மக்களின் ‘ராப்’ என்னும் தாளப் பேச்சையும் சிலர் கலந்தனர். இசைத்தட்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்து ஒலியெழுப்பும் உத்தியையும் சிலர் சேர்த்தனர். இக்கலவைக்கே ‘நூ மெட்டல்’ என்று பெயர் வந்தது.

2000-ஆம் ஆண்டு ‘லிங்கின் பார்க்’ குழுவினர் வெளியிட்ட ‘ஹைபிரிட் தியரி’ என்ற முதல் தொகுப்பு இவ்விசையை உலகெங்கும் கொண்டு சென்றது. அமெரிக்காவில் மட்டும் அது ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இவ்வளவு இரைச்சலான இசைக்கு இத்தனை இரசிகர் எங்கிருந்து வந்தனர் என்று கேட்கலாம். அதன் பாடற்பொருளைக் கவனித்தால் விடை கிடைக்கும். காதலும் வீரமும் அங்கே பெரும்பாலும் இல்லை. சிறுவயதில் பட்ட அவமானம், பள்ளியில் பிறர் எள்ளியது, வீட்டில் எவரிடமும் சொல்ல முடியாத தனிமை, இவையே பாட்டாயின. சொந்த ஊரில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி, வேலைக்கு மூன்றாவது மொழி என்று மூன்றுக்கும் இடையே வளரும் பிள்ளைக்கு இத்தகைய பாட்டு நெருக்கமாகப் படுவதில் வியப்பில்லை. நம் இல்லத்து மைந்தர் இரைச்சலை விரும்புகின்றனர் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அந்த இரைச்சலுக்குள்ளே யாரோ தம் பேச்சைப் பேசுவதாக அவர்கள் உணர்கின்றனர்.

டெல்லியிலிருந்து ஒரு குழு

பிளட்டிவுட் குழு 2016-இல் தொடங்கிற்று. வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு வந்த கரண் கட்டியார் கிதாரும் புல்லாங்குழலும் இசைப்பவர். ஜெயந்த் பதூலா பாடகர். பின்னர் வந்து சேர்ந்த ராவுல் கெர் ஆங்கிலத்தில் ராப் சொல்பவர். தொடக்கத்தில் இவர்கள் பிறருடைய பாட்டுகளை வேடிக்கையாக மெட்டல் வடிவில் மாற்றிப் பாடி இணையத்தில் வெளியிட்டு வந்தனர். பஞ்சாபிப் பாட்டுகளை உறுமற் குரலில் கேட்டு மக்கள் சிரித்தனர். சிரித்தவர்கள் மறுபடியும் கேட்டனர். 2018-இலிருந்து சொந்தப் பாட்டுகள் வரத் தொடங்கின. ‘ஜீ வீரே’ மனச்சோர்வில் ஆழ்ந்தவனை எழுப்பும் பாட்டு. ‘எண்டூரண்ட்’ வலியோர் எளியோரைத் துன்புறுத்துவதை எதிர்ப்பது. டெல்லித் தெருக்களில் திருமணத்துக்கு முழங்கும் ‘டோல்’ என்ற முரசு அக்கிதார்களோடு சேர்ந்து முழங்கியது.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இவர்கள் ஜெர்மனி நாட்டின் வாக்கன் என்ற சிற்றூருக்குச் சென்றனர். 1990 முதல் ஆண்டுதோறும் அங்கு மெட்டல் இசைக்குப் பெருந்திருவிழா நடைபெறுகின்றது. பல்லாயிரவர் கூடும் அவ்விழாவில் டெல்லி முரசு ஒலித்தது ஓர் அரிய காட்சியே. பின்னர் 2022 பிப்ரவரியில் ‘ரக்ஷக்’ என்னும் முதல் தொகுப்பு வந்தது. காவலன் என்பது அதன் பொருள். எந்தப் பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் துணையுமின்றித் தாமே அதனை வெளியிட்டனர். அதில் பத்துப் பாட்டுகள். மதத்தின் பெயரால் மக்களைப் பிரிக்கும் அரசியலைக் ‘கத்தார்’ என்ற பாட்டுச் சாடியது. பெண்களுக்கு நேரும் வன்கொடுமையைக் கண்டு கொதித்தெழுந்தது ‘தனா-தன்’. பிரிந்துபோன உயிரை நினைந்து இரங்கிற்று ‘யாத்’. அப்பாட்டில் புல்லாங்குழல் முன்னே செல்ல, கிதார்கள் பின்னே நடந்து வந்தன. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலிலும் இத்தொகுப்பு இடம்பெற்றது. அதே ஆண்டு ஜப்பானின் ஃபூஜி ராக் விழாவிலும் இவர்கள் வாசித்தனர்.

அத்தொகுப்பில் குறைகள் இல்லாமலில்லை. சில இடங்களில் ஒலி நெருக்கடியாக இருந்தது. சில சொற்கள் பிரசங்கம்போல் இருந்தன. ஆயினும் பத்துப் பாட்டுக்கும் பத்துக் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தீமையைப் பெயர் சொல்லி அழைத்து அதன் எதிரே நின்றது. இரைச்சல் மிகுதியாயினும் அந்த இரைச்சல் எதற்கு என்பது விளங்கிற்று.

இரண்டாவதாக வந்தது

மூன்றாண்டுகள் கழித்து ‘நூ டெல்லி’ வந்தது. ‘நூ மெட்டல்’ என்ற பெயரையும் தலைநகரின் பெயரையும் ஒட்டவைத்த சிலேடை அத்தலைப்பு. இம்முறை ஃபியர்லெஸ் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. பாட்டுகள் எட்டு: ‘ஹல்லா போல்’, ‘ஹட்’, ‘தடக்’, ‘பேகௌஃப்’, ‘கிஸ்மத்’, ‘தக்கேபாஸ்’, ‘தட்கா’, இறுதியில் ‘நூ டெல்லி’. ‘பேகௌஃப்’ என்ற பாட்டில் ஜப்பான் நாட்டின் ‘பேபிமெட்டல்’ குழுவினரும் சேர்ந்து பாடியுள்ளனர்.

மேனாட்டு விமரிசகர் பலர் இதனைப் புகழ்ந்தே எழுதினர். நமக்கோ ஏமாற்றமே மிஞ்சிற்று. ஏன் என்பதைச் சொல்ல வேண்டியது நம் கடமை. காரணம் கூறாத குறை, வெறும் முணுமுணுப்பாகிவிடும்.

முதலாவது, அளவு. மூன்றாண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைத்தது அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இசைதான். அளவு சிறிதாயினும் செறிவு மிகுந்தால் குறையில்லை. பலாச்சுளை நான்கே ஆயினும் இனித்தால் போதும். இங்கே எட்டுப் பாட்டில் மூன்று நான்கு, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கையில் ஒரே பாட்டின் பகுதிகள்போல் ஒலிக்கின்றன.

இரண்டாவது, அமைப்பு. தொடக்கத்தில் குழலிலோ வேறு நாட்டுப்புறக் கருவியிலோ ஒரு சிறு மெட்டு, உடனே கிதார்களும் முரசும் பேரொலியாக அதன்மீது இறங்குதல், அடுத்து ஆங்கில ராப், பின்பு கூட்டமாகப் பாடுதற்குரிய இந்திப் பல்லவி, நடுவே சிறிது அமைதி, மறுபடியும் பேரொலி. முதல் தொகுப்பில் இவ்வழி புதிதாக வெட்டிய பாதையாக இருந்தது. இரண்டாவதிலும் அதே பாதையில், அதே நிறுத்தங்களில் நின்று, அதே நேரத்துக்கு வண்டி சென்று சேர்கின்றது. கால அட்டவணைப்படி வரும் வண்டி பயணிக்கு நன்மை. கலைக்கு அவ்வளவு நன்மையன்று.

மூன்றாவது, பொருள். இதுவே பெருங்குறை. ‘ரக்ஷக்’ உலகத்தைப் பார்த்துப் பேசிற்று. ‘நூ டெல்லி’ பெரும்பாலும் தன்னைப் பார்த்துப் பேசுகின்றது. எழுந்திரு, அஞ்சாதே, தூற்றுவோரைத் தள்ளு, நாம் வந்துவிட்டோம் என்னும் கருத்தே மாறி மாறி வருகின்றது. எதற்கு அஞ்சாதிருக்க வேண்டும், யார் தூற்றினார், வந்தது எதன்பொருட்டு என்ற கேள்விகளுக்கு முதல் தொகுப்பில் கிடைத்த தெளிவான விடை இதில் இல்லை. சினமுள்ளவன் கத்தினால் அதில் ஓர் உண்மை இருக்கும். புகழ் பெற்றவன் அதே சுருதியில் கத்தும்போது கேட்போர் காரணம் தேடுகின்றனர்.

நல்லனவற்றை மறைத்தல் நேர்மையன்று. ஒலிப்பதிவு முன்னையினும் தெளிவாக உள்ளது. ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கேட்கின்றது. ‘தட்கா’ என்ற பாட்டு இனியதொரு விலக்கு. தாளிப்பு என்பது அதன் பொருள். நம் நாட்டு உணவின் பெருமையைக் கடுகு வெடிப்பதுபோன்ற தாளத்தில் சொல்லும் அப்பாட்டில், எவரையும் மிரட்ட வேண்டிய அவசியமின்றிக் குழுவினர் மகிழ்ச்சியாக வாசிக்கின்றனர். தலைப்புப் பாட்டிலும் தம் நகரத்தின் தூசியும் நெரிசலும் திமிரும் அன்பும் ஓரளவு கண்முன் வருகின்றன. இவ்விரண்டு பாட்டுகளையும் கேட்கும்போதுதான் மற்ற ஆறும் எவ்வாறு இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் பிறக்கின்றது.

ஏன் இவ்வாறு நேர்கின்றது?

இஃது இக்குழுவுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. இதே நூ மெட்டல் துறையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் ‘கிரேஸி டவுன்’ என்ற குழுவின் வரலாறு ஒரு பாடம். 1999-இல் வந்த அவர்களது முதல் தொகுப்பில் ‘பட்டர்ஃபிளை’ என்றொரு மென்மையான பாட்டு இருந்தது. 2001-இல் அது அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 2002-இல் ‘டார்க்ஹார்ஸ்’ என்ற இரண்டாம் தொகுப்பு வந்தது. அதில் அவர்கள் கரடுமுரடான ராக் பக்கம் சாய்ந்தனர். பட்டாம்பூச்சியைத் தேடி வந்த இரசிகர் திரும்பிப் போயினர். முரட்டு இசையை விரும்புவோரோ இவர்களைப் பட்டாம்பூச்சிக்காரர் என்று ஒதுக்கினர். மறு ஆண்டே குழு கலைந்தது. வந்த கூட்டம் எதற்கு வந்தது என்று அறியாமல் வழியை மாற்றியது அவர்களுடைய கேடு. பிளட்டிவுட்டின் நிலை இதற்கு நேர்மாறு. கூட்டம் எதற்கு வந்தது என்பதை அளவுக்கு மிஞ்சி அறிந்துகொண்டு, அதனையே மீண்டும் மீண்டும் கொடுக்கின்றனர்.

காலக்கணக்கும் ஒரு காரணம். முதல் தொகுப்பு வெளிவரும் நாள்வரை ஒரு குழுவுக்குக் கெடு ஏதுமில்லை. ‘ரக்ஷக்’கில் உள்ள சில பாட்டுகள் 2018 முதற்கொண்டே தனித்தனியே வெளிவந்து, மக்கள் செவியில் சோதிக்கப்பட்டவை. இரண்டாவது தொகுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊர் ஊராகப் பயணம், விமான நிலையம், மேடை, மறுபடியும் பயணம் என்று கழியும் நாட்களுக்கு நடுவே அதனை இயற்ற வேண்டும். பயணத்திலேயே வாழ்பவனுக்குப் பாடற்பொருளாக மிஞ்சுவது பயணமும் மேடையும் கைதட்டலுமே.

வென்றவர்களும் உண்டு. லிங்கின் பார்க் 2003-இல் ‘மெட்டியோரா’ என்ற இரண்டாம் தொகுப்பை முன்னதன் வழியிலேயே செய்தும், ஒவ்வொரு பாட்டையும் பலமுறை அறுத்துத் தைத்துச் செம்மை செய்தமையால் வெற்றி கண்டனர். நம்மவருள் இசைஞானி இளையராஜா அவர்கள் வேறொரு வழியைக் காட்டினார். 1986-இல் அவர் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்?’ என்ற தொகுப்பில் தியாகராசரையும் ஜெர்மானிய மேதை பாக்கையும் ஒரே சபையில் அமர்த்தி வயலின்களைப் பேச வைத்தார். அது பெற்ற வரவேற்பைக் கண்டு அதே விருந்தை மறுமுறை பரிமாறவில்லை. 1988-இல் ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் அரிபிரசாத் சௌராசியா அவர்களின் புல்லாங்குழலை நடுவில் வைத்து, வயலினின் தந்தியை விட்டுக் குழலின் காற்றுக்குச் சென்றார். முதலதை வெல்ல முயலாமல் அதன் அருகே வேறொரு வீட்டைக் கட்டினார். ஆகவே இரண்டுமே இன்றளவும் நிற்கின்றன.

முரசுக்கு ஒரு வேலை

பிளட்டிவுட்டின் இரண்டாம் தொகுப்பை நம் பகுதியின் செவிகொண்டு கேட்டால் மற்றொரு குறை புலப்படும். தாள முழக்கத்தைக் கண்டு மிரளும் மக்கள் அல்லர் நாம். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை அவர்கள் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று தாளக்காரர் படையையே பக்கத்தில் அமர்த்திப் பாடியவர். அதற்குப் ‘புல் பெஞ்சு’ என்று பெயர் வைத்து மகிழ்ந்தது அக்காலத்து இரசிகர் உலகம். அவருடைய மாணாக்கரே சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர்கள். 1954-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற அவர், நம் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கியவர். மதுரை சோமு அவர்களுக்குக் குருவாக விளங்கியவர். தெலுங்குக் கீர்த்தனமும் தமிழ்ப் பாட்டும் ஒரே நாவில் குடியிருந்த மரபு அது.

தெருவுக்கு வந்தாலும் அப்படியே. திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மன் ஜாத்திரை மே மாதத்தில் நடக்கும்போது, பைராகி வேடம், தோட்டி வேடம், மாதங்கி வேடம் என்று நாளுக்கொரு வேடம் பூண்டு மக்கள் வீதியில் வருவர். அப்போது முழங்கும் தோற்கருவியைத் தெலுங்கர் டப்பு என்பர்; நாம் பறை என்போம். சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் பாரத விழா நடக்கையில், பகலில் கதையும் இரவில் கூத்துமாகப் பதினெட்டு நாள் ஓடும். கூத்தில் மத்தளம் ஒலிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. திரைக்குப் பின்னால் வேடக்காரன் வந்து நிற்கின்றான் என்று அறிவிப்பது ஒரு முழக்கம். போருக்குச் செல்வது ஒன்று. அருள் வந்தவரைத் தாங்கி நடத்துவது ஒன்று. முரசுக்கு வேலை உண்டு. வேலையில்லாத நேரத்தில் அது வாய்மூடி இருக்கும்.

‘நூ டெல்லி’யில் டோல் முரசு இடைவிடாது முழங்குகின்றது, அதற்கு வேலை குறைவு. ‘ரக்ஷக்’கில் அது ஊரைக் கூட்டிற்று. இதில் பல இடங்களில், நாங்கள் இந்தியர் என்று சட்டையில் குத்திய சின்னம்போல் இருக்கின்றது. அயலூர் இரசிகருக்கு அச்சின்னமே போதும். அவர் அதனையே காண வருகின்றார். அந்த ஒலியோடு பிறந்து வளர்ந்தவனுக்கு அது போதாது. அயலாரிடம் பெற்ற புகழ் கலைஞனை அயலார் கண்ணால் தன்னைப் பார்க்கும்படி செய்துவிடுகின்றது. இது புலம்பெயர்ந்து வாழும் நம் அனைவர்க்கும் உள்ள இடர்தான் என்பதை அன்பர்கள் ஓர்க.

காக்கையும் பொன்குஞ்சும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது நம் முதுமொழி. புறநாட்டில் நம்மவர் ஒருவர் மேடையேறினால் போதும், நம் நெஞ்சு நிமிர்கின்றது. ‘ரக்ஷக்’ வந்தபோது நாட்டினர் பலர் அதனை இசையாகக் கேட்டதைவிட வெற்றியாகக் கேட்டனர். இந்தியர் இதனையும் செய்வர் என்று உலகுக்குக் காட்டிவிட்டோம் என்பதே அன்றைய மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சி குற்றமன்று. ஆனால் அது ஒருமுறைதான் செல்லுபடியாகும் சீட்டு. இரண்டாம் முறை வரும்போது, இவர் நம்மவரா என்று கேட்பதை விட்டு, பாட்டு நன்றாக உள்ளதா என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதே அவர்களைப் பெரியவர்களாக மதிப்பதாகும். குறை சொல்லத் தகுந்தவன் என்று கருதப்படாத கலைஞன் இன்னும் குழந்தையாகவே நடத்தப்படுகின்றான்.

இவ்வுண்மை நம் சங்கத்தின் மேடைக்கும் உரியது. ஆண்டு விழாவில் தமிழ்ப் பாட்டொன்றைத் தட்டுத்தடுமாறிப் பாடும் சிறுவனுக்கு முதல் ஆண்டு நாம் மனமாரக் கைதட்டுகின்றோம். தெலுங்கு வழிப் பள்ளியிலும் ஆங்கில வழிப் பள்ளியிலும் பயிலும் பிள்ளை தமிழில் பாடியதே பெரிதன்றோ! மறு ஆண்டும் அதே பாட்டு, அதே தடுமாற்றம், அதே கைதட்டல். மூன்றாம் ஆண்டு அப்பிள்ளை மேடைக்கு வருவதில்லை. தன் பாட்டை எவரும் உண்மையில் கேட்கவில்லை, தன் தமிழைக் கண்டு இரங்கினர் என்பதை அவன் உணர்ந்துகொள்கின்றான். முதல் ஆண்டு கைதட்டுவோம். இரண்டாம் ஆண்டு அருகில் அழைத்து, இந்த ‘ழ’கரத்தை இப்படிச் சொல், இந்த அடியில் மூச்சை இப்படி நிறுத்து என்று சொல்வோம். மொழி நிலைப்பது இரக்கத்தாலன்று, பயிற்சியால்.

மலேசியத் தமிழர் ஒருவரின் முயற்சி இங்கே நினைவுகூரத் தக்கது. ‘பொயட்டிக் அம்மோ’ என்ற குழுவில் பல மொழிகளில் ராப் சொல்லி வந்த யோகி பி, 2006-இல் ‘நட்சத்திரா’ குழுவினரோடு சேர்ந்து ‘வல்லவன்’ என்ற தொகுப்பைப் பெரும்பாலும் தமிழிலேயே வெளியிட்டார். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா அமைத்த மெட்டொன்றை அடித்தளமாகக் கொண்டு அவர்கள் செய்த ‘மடை திறந்து’ தமிழகத்துக் கல்லூரிகளெங்கும் ஒலித்தது. கடல் கடந்து சென்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தாய்மொழியில் புது இசை செய்து தாயகத்துக்கே திருப்பி அனுப்பினர். அவர்கள் தமிழைக் காட்சிப் பொருளாகத் தூக்கிக் காட்டவில்லை. தாம் சொல்ல வந்ததைச் சொல்ல அதனை வேலை வாங்கினர். டெல்லிக் குழுவின் முரசுக்கு நேர்ந்த குறை இவர்களுடைய தமிழுக்கு நேரவில்லை என்பதே நாம் காணும் வேறுபாடு.

ஆகவே பெற்றோருக்கு நாம் வேண்டிக்கொள்வது இது. பிள்ளை கேட்கும் பாட்டை இரைச்சல் என்று ஒதுக்கு முன், ஒருமுறையேனும் அவன் அருகில் அமர்ந்து, இதில் என்ன சொல்கின்றார்கள் என்று கேளுங்கள். ‘ரக்ஷக்’கில் மனச்சோர்வைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு என்றோம். அப்பாட்டை நும் மகன் நாள்தோறும் கேட்பானாயின், அதன் காரணத்தை அறிய வேண்டியவர் நீங்களே. இசையைப் பற்றிய பேச்சாகத் தொடங்குவது வேறு பேச்சுகளுக்கும் கதவைத் திறந்துவிடக்கூடும்.

இளைஞர்களுக்குச் சொல்வதும் உண்டு. புகழ்பெற்ற குழு என்பதற்காக எதனையும் மெய்மறந்து ஏற்காதீர்கள். ஏமாற்றம் தோன்றினால், தோன்றிற்று என்று சொல்லப் பழகுங்கள். எங்கே தோன்றிற்று, ஏன் தோன்றிற்று என்று காரணமும் தேடுங்கள். அக்காரணத்தைத் தேடும் செவியே பின்னாளில் நீங்கள் இசைக்கும்போது உங்களைக் காக்கும். கிதார் கற்போர் கற்கட்டும். அதனோடு ஜாத்திரையில் டப்பு முழக்கும் கலைஞரிடமும் சென்று, எந்த அடி எப்போது, எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லிக்காரர் தம் தெருவின் முரசை எடுத்து வாக்கன்வரை சென்றனர். நம் தெருவிலும் முரசு உண்டு. அதனோடு சேர்த்துச் சொல்ல நமக்கு இரண்டு மொழிகளும் உண்டு.

பிளட்டிவுட் குழுவினர் திறமை குன்றியவர் அல்லர். ‘தட்கா’வில் தெரியும் களிப்பும் ‘யாத்’தில் தெரிந்த இரக்கமும் அவர்களிடம் இன்னும் உள்ளன. அடுத்த முறை அவர்கள் மேடையை விட்டுக் கீழே இறங்கி, தம் ஊர்ச் சந்துகளில் சற்று நடந்து, யாருடைய துயரை யாரும் பாடவில்லை என்று செவிகொடுத்துக் கேட்டுவிட்டுப் பாட உட்காரட்டும். மூன்றாம் தொகுப்பு வரும் நாளில் அதனையும் இதே தராசில்தான் நிறுப்போம். எடை மிகுமாயின் அதனை முதலில் உரக்கச் சொல்பவர் நாமாகவே இருப்போம்.